வைரம், கிராஃபைட், கரி: ஒரே அணு ஏன் இத்தனை விதமாக நடந்துகொள்கிறது?

வைரமும் கரியும் ஒன்றுதான் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நிலக்கரியைப் பூமி பல கோடி ஆண்டுகள் அழுத்தி வைத்திருந்தால் அது வைரமாகிவிடும் என்பதும் இதே போலப் பரவியது. மேடைப் பேச்சுகளில் இந்த உதாரணம் அடிக்கடி வரும். நிஜ வைரத்தைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, வைரம் எரியாது, பென்சில் முனையில் இருப்பது ஈயம் என்பவையும் இந்த வரிசையில் சேரும். இவற்றில் முதல் கூற்று பாதி உண்மை. மற்றவை எல்லாம் தவறு.

அந்தப் பாதி உண்மைதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். வைரத்திலும் கரியிலும் இருப்பது கார்பன் என்று பள்ளியில் சொல்லிவிடுகிறார்கள். பிறகு அவை ஏன் ஒன்றுபோல இல்லை என்ற கேள்விக்குப் போகாமலே அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறோம். சுவாரசியமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

## இரண்டும் கார்பன் என்று எப்படித் தெரிந்தது?

ஒரே வகை அணுக்களால் மட்டுமே ஆன பொருளுக்குத் தனிமம் என்று பெயர். தங்கம் ஒரு தனிமம், இரும்பு ஒரு தனிமம், கார்பனும் ஒரு தனிமம். வைரம் கார்பன்தான் என்பதை நிரூபிக்க அதை எரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

1772-ல் பிரான்ஸில் வேதியியலாளர் லவாய்சியே பெரிய லென்ஸ்களால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார். வைரம் மறைந்தது, கரியை எரித்தால் வரும் அதே வாயு கிடைத்தது. 1797-ல் இங்கிலாந்தில் ஸ்மித்சன் டெனன்ட் இன்னும் துல்லியமாகச் செய்தார். ஒரே எடையுள்ள வைரத்தையும் கரியையும் எரித்தால் ஒரே அளவு கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று காட்டினார். வைரத்தில் கார்பனைத் தவிர வேறு ஏதாவது கணிசமாகக் கலந்திருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவந்திருக்காது.

ஆகவே வைரம் எரியும். காற்றில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மெல்ல மெல்ல வாயுவாகிப் போய்விடும். சாம்பல்கூட மிஞ்சாது.

## நான்கு இணைப்புகள்

கார்பன் அணுவில் ஆறு எலக்ட்ரான்கள் உண்டு. அதில் வெளிப்புறத்தில் இருக்கும் நான்குதான் பக்கத்து அணுக்களோடு பிணையப் பயன்படுகின்றன. இரண்டு அணுக்கள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, அந்த ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்வதால் உண்டாகும் பிணைப்பு சகப்பிணைப்பு. இது மிக வலுவானது; குறிப்பிட்ட திசையை நோக்கியே அமைவது.

கார்பனிடம் இப்படி நான்கு எலக்ட்ரான்கள் இருப்பதால் அதற்குத் தேர்வுகள் இருக்கின்றன. நான்கு பேரோடு பிணையலாம். அல்லது மூன்று பேரோடு பிணைந்துகொண்டு நான்காவது எலக்ட்ரானை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஒரே தனிமத்தின் அணுக்கள் வெவ்வேறு விதமாக இணைந்து உருவாக்கும் வெவ்வேறு பொருட்களைப் புறவேற்றுமை வடிவங்கள் என்கிறோம். வைரமும் கிராஃபைட்டும் கார்பனின் புறவேற்றுமை வடிவங்கள்.

மூங்கிலை வைத்து இதைக் கற்பனை செய்து பாருங்கள். கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறார்கள். நெட்டு, குறுக்கு, சாய்வு என்று எல்லாத் திசையிலும் கழிகளை வைத்து முடிச்சுப் போடுகிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் அது தாங்கும். அதே மூங்கிலைப் பிளந்து தட்டியாகப் பின்னி, பத்துத் தட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால்? ஒரு தட்டியைக் கிழிப்பது கடினம். ஆனால் மேலே இருக்கும் தட்டியைக் கையால் தள்ளினால் நகர்ந்துவிடும். மூங்கில் மாறவில்லை, கட்டியிருக்கும் விதம் மாறிவிட்டது. சாரம் வைரம், அடுக்கிய தட்டிகள் கிராஃபைட். இந்த மூங்கில் பின்னாலும் நமக்கு உதவும்.

## வைரம்: எல்லாப் பக்கமும் கட்டிய சாரம்

வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் நான்கு எலக்ட்ரான்களையும் கொடுத்து நான்கு அணுக்களோடு பிணைந்திருக்கிறது. அந்த நான்கும் ஒரு நான்முகியின் மூலைகளில் சம தூரத்தில் நிற்கின்றன. அவை ஒவ்வொன்றும் அதேபோல நான்கோடு. இப்படியே கல் முழுவதும் தொடர்கிறது. அணுக்கள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திடப்பொருளுக்குப் படிகம் என்று பெயர். குறையில்லாத வைரக் கல்லைக் கிட்டத்தட்ட ஒரே பெரிய மூலக்கூறு என்றே சொல்லலாம்.

வைரத்தின் குணங்கள் எல்லாம் இதிலிருந்து வருகின்றன. அதைக் கீற வேண்டுமானால் எல்லாத் திசையிலும் இறுகக் கட்டிய சகப்பிணைப்புகளை அறுக்க வேண்டும். அதனால்தான் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அது உச்சமான 10-ல் நிற்கிறது. எல்லா எலக்ட்ரான்களும் பிணைப்புகளில் மாட்டிக்கொண்டிருப்பதால் ஓடித் திரிய எதுவும் இல்லை. எனவே மின்சாரம் பாயாது. அந்த எலக்ட்ரான்களை அசைக்கும் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிடம் ஆற்றல் இல்லை. ஒளி உறிஞ்சப்படாமல் கடந்துபோகிறது. கல் தெளிவாகத் தெரிகிறது.

மின்சாரத்தைக் கடத்தாத பொருள் வெப்பத்தையும் கடத்தாது என்று நாம் வழக்கமாக எண்ணுவோம். வைரம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. தாமிரத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக அது வெப்பத்தைக் கடத்தும். தாமிரத்தில் வெப்பத்தைச் சுமந்து செல்பவை எலக்ட்ரான்கள். வைரத்தில் அந்த வேலையை அணுக்களின் அதிர்வு செய்கிறது. லேசான அணுக்கள், விறைப்பான பிணைப்புகள் என்பதால் ஓர் இடத்தில் ஏற்படும் அதிர்வு மளமளவென்று மறுமுனைக்குப் போய்விடும்.

சரி, சுத்தியல் விஷயத்துக்கு வருவோம். கடினம் என்பதும் உடையாமல் இருப்பது என்பதும் ஒன்றல்ல. கடினம் என்றால் கீறல் விழாத தன்மை. வைரப் படிகத்தில் சில தளங்களின் குறுக்கே மற்ற இடங்களைவிடக் குறைவான பிணைப்புகளே இருக்கின்றன. அந்தத் தளத்தின் வழியாக ஓங்கி அடித்தால் கல் இரண்டாகப் பிளந்துவிடும். வைரம் வெட்டுபவர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். உலகின் மிகப் பெரிய வைரங்களில் ஒன்றான கல்லினன் 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் இப்படித்தான் அடித்துப் பிளக்கப்பட்டது. எனவே நிஜமா போலியா என்று பார்க்க யாராவது உங்கள் மூக்குத்திக் கல்லைச் சுத்தியலால் அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். நிஜக் கல்லே போய்விடும்.

## கிராஃபைட்: அடுக்கி வைத்த தட்டிகள்

கிராஃபைட்டில் ஒவ்வொரு அணுவும் மூன்று அணுக்களோடு மட்டும் பிணைகிறது. மூன்றும் ஒரே தளத்தில் இருக்கும். இப்படித் தொடரும்போது அறுகோணக் கண்கள் கொண்ட ஒரு தட்டி கிடைக்கிறது. தட்டிக்கு மேல் தட்டி, அதற்கு மேல் இன்னொன்று. தட்டிக்கு உள்ளே பக்கத்துப் பக்கத்து அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தட்டிக்கும் தட்டிக்கும் உள்ள இடைவெளியோ 0.335 நானோமீட்டர், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். அந்த இடைவெளியில் சகப்பிணைப்பு எதுவும் இல்லை; மெல்லிய ஈர்ப்பு மட்டுமே தட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

வைரத்தில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் 0.154 நானோமீட்டர். கிராஃபைட் தட்டிக்குள் அது இன்னும் குறைவு. அதாவது கிராஃபைட் தட்டிக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தில் இருப்பதைவிட வலுவானது! கிராஃபைட் மென்மையானது என்று நாம் சொல்வது தட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று எளிதில் விலகுவதைத்தான். பென்சிலால் தாளில் கோடு இழுக்கும்போது நடப்பதும் அதுவே: தட்டிக் கட்டுகள் உரிந்து தாளில் ஒட்டிக்கொள்கின்றன. பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. இந்த முறையை 1795-ல் பிரான்ஸின் கான்டே உருவாக்கினார். களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளிறும். அதில் ஈயம் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் கிராஃபைட் கிடைத்தபோது அதை ஒரு வகை ஈயம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை இன்னும் முழுதாகப் போகவில்லை.

மீதி ஒரு எலக்ட்ரான் என்ன ஆயிற்று? ஒவ்வொரு அணுவும் விட்டுக்கொடுத்த அந்த நான்காவது எலக்ட்ரான் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் தட்டி முழுவதும் உலவுகிறது. கிராஃபைட்டில் மின்சாரம் பாய்வதற்கு இதுதான் காரணம். எல்லா நிற ஒளியையும் அந்த எலக்ட்ரான்கள் உறிஞ்ச முடிவதால் அது கருமையாகவும் இருக்கிறது. ஆனால் மின்சாரம் தட்டியின் வழியே எளிதாகப் பாயும், ஒரு தட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் சிரமப்படும். திசைக்குத் திசை குணம் மாறும் பொருள் இது.

மசகுப் பொருளாக, அதாவது உராய்வைக் குறைக்கும் பூச்சாக, கிராஃபைட் பயன்படுவது தெரிந்ததுதான். தட்டிகள் சறுக்குவதால் அப்படி என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். அது முழு விளக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில், மின்னாக்கிகளின் கார்பன் பிரஷ்கள், அதாவது சுழலும் பாகத்தோடு உரசி மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபைட் துண்டுகள், மிக வேகமாகத் தேய்ந்து தூளாயின. அந்த உயரத்தில் காற்றில் ஈரம் இல்லை. காற்றிலுள்ள நீராவி போன்றவை கிராஃபைட்டின் பரப்பிலும் விளிம்புகளிலும் ஒட்டிக்கொண்டால்தான் அது நன்றாகச் சறுக்கும் என்பது பிறகு தெளிவானது. வெற்றிடத்தில் அது மோசமான மசகு. விண்வெளிக் கருவிகளில் மசகுக்காக வேறு பொருட்களைத் தேடிப் போனது இதனால்தான்.

தட்டிகளுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளி இன்று உங்கள் கைபேசியிலும் வேலை செய்கிறது. லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின் முனையில் பெரும்பாலும் கிராஃபைட்தான் இருக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் தட்டிகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன, ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் வரை. பயன்படுத்தும்போது வெளியே வந்துவிடுகின்றன. நம் பக்கத்தில் சிவகங்கை மாவட்டத்தில் கிராஃபைட் வெட்டி எடுக்கிறார்கள். இலங்கையின் போகல, ககட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் கிராஃபைட் அதன் தூய்மைக்குப் பெயர்பெற்றது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: வைரத்தில் நான்கு பிணைப்புகள், எல்லாத் திசையிலும், எலக்ட்ரான்கள் கட்டுண்டிருக்கின்றன. கிராஃபைட்டில் மூன்று பிணைப்புகள், ஒரே தளத்தில். ஒரு எலக்ட்ரான் உலவுகிறது. கடினம், நிறம், மின்கடத்தல் ஆகிய மூன்றும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

## நிலக்கரி வைரமாகுமா?

இயற்கை வைரங்கள் பெரும்பாலும் பூமிக்குள் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தில் உருவானவை. அங்கே அழுத்தம் நம் தலைக்கு மேல் உள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 50,000 மடங்கு. வெப்பமும் ஆயிரம் டிகிரியை ஒட்டியது. அங்கிருந்து எரிமலைக் குழாய்கள் வழியாக அவை மேலே வந்தன. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் கிடைக்கும் வைரங்களும் அப்படி வந்தவைதான்.

நிலக்கரியோ செடிகொடிகள் புதைந்து உண்டானது. அது கிடைப்பது பூமியின் மேல்தோலில், சில கிலோமீட்டருக்குள். அதில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம், மண் எல்லாம் கலந்திருக்கும். அது தூய கார்பனே அல்ல. காலக் கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வைரங்களில் மிகப் பல 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானவை. சில 300 கோடியைத் தாண்டியவை. தரையில் தாவரங்கள் தோன்றியதே ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நிலக்கரி ஆவதற்கு மரமே இல்லாத காலத்தில் இந்தக் கற்கள் உருவாகிவிட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள அழுத்தத்தில் கார்பனின் நிலையான வடிவம் கிராஃபைட்தான், வைரம் அல்ல. ஆற்றல் கணக்குப்படி பார்த்தால் வைரம் கிராஃபைட்டாக மாறிவிட வேண்டும். மாறாமல் இருப்பதற்குக் காரணம், மாற வேண்டுமானால் முதலில் அந்தச் சாரத்தின் கட்டுகளை எல்லாம் அவிழ்க்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் அதற்கான ஆற்றல் கிடைப்பதில்லை. ஆக்சிஜன் படாமல் 1,700 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் வைரம் கிராஃபைட்டாகிவிடும்.

## அடுப்புக்கரியின் உள்ளே

மரக்கரி, கொட்டாங்குச்சிக் கரி, விளக்குப் புகைக்கரி ஆகியவற்றைப் படிக வடிவமற்ற கார்பன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஒழுங்கே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. கிராஃபைட்டில் இருக்கும் அதே அறுகோணத் தட்டிகள்தான் உள்ளே இருக்கின்றன. ஆனால் சின்னச் சின்னத் துண்டுகளாக, வளைந்தும் நெளிந்தும், தாறுமாறாகக் குவிந்து கிடக்கின்றன. துண்டுகளுக்கு நடுவே ஏகப்பட்ட சந்துகள்.

இந்தக் குவியலைச் சூடாக்கினால் துண்டுகள் நேராகி கிராஃபைட் ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. ஆய்வுக்காக அவரைப் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு அவர் நிலக்கரியிலும் கரியிலும் செய்த வேலை எனக்கு அதற்குச் சற்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. 1951-ல் அவர் கரிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு வகை, மிக அதிக வெப்பத்தில் கிராஃபைட்டாக ஒழுங்குபடும். இன்னொரு வகை, 3,000 டிகிரி வரை சூடாக்கினாலும் ஒழுங்குபடாது. பின்னதில் துண்டுகள் ஒன்றோடொன்று குறுக்கே சிக்கிக்கொண்டு அசையவிடாமல் செய்கின்றன.

கொட்டாங்குச்சிக் கரி சிக்கிக்கொள்ளும் இந்த வகையைச் சேர்ந்தது. அதை நீராவியில் ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடாக்கினால் சந்துகள் அரிக்கப்பட்டு இன்னும் பெருகும். கிடைப்பது செயலூட்டிய கரி. தமிழகத்திலும் இலங்கையிலும் இது பெரிய தொழில். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் பரப்பை எல்லாம் விரித்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலம். நீரில் உள்ள குளோரினையும் வாடை தரும் கரிமப் பொருட்களையும் அந்தப் பரப்பு நீக்கிவிடுகிறது. ஆனால் கரைந்திருக்கும் உப்பை அது பிடிக்காது. கரி வடிகட்டி போட்டால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகும் என்று நம்பி வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

## தட்டியை வளைத்தால்

கண்விட்டுக் கூடை பின்னுபவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அறுகோணக் கண்களாகவே பின்னிக்கொண்டு போனால் தட்டி தட்டையாகவே இருக்கும். அதைக் குழிவாக்க வேண்டுமானால் இடையில் ஐந்து பக்கக் கண்களைப் போட வேண்டும். கார்பனும் அதே வடிவியலுக்குக் கட்டுப்பட்டது.

1985-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கியபோது, சரியாக 60 அணுக்கள் கொண்ட மூலக்கூறு மிக அதிகமாக வருவதைக் கண்டார்கள். 20 அறுகோணங்கள், 12 ஐங்கோணங்கள். கால்பந்து வடிவில் மூடிய கூடு. ஃபுல்லரீன் என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பத்துக்காக அந்த மூவருக்கும் 1996-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதை வெறும் ஆய்வகப் பொருள் என்று எண்ண வேண்டாம். 2010-ல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி இறந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீனைச் சுற்றிய வாயுவில் இதன் தடயத்தைப் பார்த்தது.

தட்டியைப் பாய் போலச் சுருட்டினால் கிடைப்பது நானோகுழாய். 1991-ல் ஜப்பானின் சுமியோ ஈஜிமா வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இதில் ஆர்வம் பெருகியது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எந்தக் கோணத்தில் சுருட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதே குழாய் உலோகத்தைப் போலவும் நடக்கும், சிலிக்கானைப் போலக் குறைகடத்தியாகவும் நடக்கும் என்பதுதான். அணுவும் அதே, பிணைப்புகளின் எண்ணிக்கையும் அதே. சுருட்டும் கோணம் மட்டும் வேறு.

2006-ல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோகுழாய்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அத்தகைய வாள்களுக்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. அந்தக் கொல்லர்களின் திறமை பெரிது. ஆனால் அவர்கள் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள் என்று சொல்வது வேறு விஷயம். அந்த உருக்கைக் காய்ச்சித் தட்டும்போது தானாக உண்டானவை அவை.

ஒரே ஒரு தட்டியை மட்டும் தனியே பிரித்தால் அது கிராஃபீன். 1947-லேயே வாலஸ் என்ற இயற்பியலாளர் காகிதத்தில் அதன் குணங்களைக் கணக்கிட்டார். 2004-ல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் கிராஃபைட்டின் மேல் ஒட்டு நாடாவை ஒட்டி ஒட்டி உரித்தே அதைப் பிரித்தார்கள். 2010-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கிராஃபைட்டில் ஏறத்தாழ 30 லட்சம் கிராஃபீன் தட்டிகள் உண்டு. கிராஃபீன் கலந்தது என்று இன்று விற்கப்படும் பல பொருட்களில் இருப்பது பல தட்டிகள் சேர்ந்த துண்டுகள்தான். ஒற்றைத் தட்டிக்கு அளந்த வலிமையை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

## கடையில் கேட்கும் பெயர்கள்

அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் கல்லில் கார்பனே இல்லை. அது சிர்க்கோனியம் ஆக்சைடு. மாய்சனைட் என்பது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த சேர்மம். அதுவும் வைரம் அல்ல.

ஆய்வக வைரம் அப்படியல்ல. அது வைரமேதான். 1954-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருகிய உலோகத்தில் கார்பனைக் கரைத்து, பூமியின் ஆழத்துக்கு இணையான அழுத்தம் கொடுத்துச் செய்தார்கள். இன்னொரு முறையில், ஒரு மெல்லிய வைர வில்லையை வைத்து, அதன் மேல் மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைப் பிளாஸ்மாவாக்கி, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரியும் நிலைக்குக் கொண்டுபோய், அணு அணுவாக வளர்க்கிறார்கள். இந்தத் துறைக்கென ஒரு ஆராய்ச்சி மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது.

நகைக்கடைகளில் பேனா போன்ற கருவியைக் கல்லில் வைத்துப் பார்ப்பார்கள். கல் எவ்வளவு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை அது அளக்கிறது. சிர்க்கோனியக் கல் உடனே மாட்டிக்கொள்ளும். மாய்சனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அதைப் பிடிக்க மின்சாரச் சோதனையும் தேவை. ஆய்வக வைரத்தையோ இந்தப் பேனா பிரித்தறியாது. வெப்பத்தைக் கடத்துவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அதற்குக் கல் எந்தெந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் நிறமாலைக் கருவி வேண்டும். இயற்கை வைரங்களில் பெரும்பாலானவற்றில் சிறிதளவு நைட்ரஜன் கலந்திருக்கும். பூமிக்குள் கிடந்த நீண்ட காலத்தில் அந்த நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து ஜோடியாகவும் கூட்டமாகவும் சேர்ந்திருக்கும். சில வாரங்களில் வளர்ந்த கல்லில் அவை அப்படிச் சேர நேரம் இருந்திருக்காது. அந்த அடையாளத்தைத்தான் பரிசோதனைக் கூடங்கள் தேடுகின்றன.